தாய்லாந்தில் குடியிருக்க ஓய்வு விசாவா, திருமண விசாவா? தண்டையார்பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கலுக்குப் பொங்கல் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வருவேன். வந்த மறுநாள் காலையிலேயே யாராவது ஒருவர் பாஸ்போர்ட்டை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஹார்பரில் இருந்தவர், பர்மா பஜார் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டவர் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. "பாங்காக்ல போய் இருக்கணும்னா எந்த விசாப்பா வாங்கணும்? ரிட்டையர்மெண்டா, மேரேஜா?"

நான் ஆறு வருஷமாக அங்கே ஓய்வு வழியில் இருக்கிறேன். என் மச்சினன் தாய் நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு திருமண வழியில் இருக்கிறான். இரண்டு பேர் ஃபைலும் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரே தட்டில்தான் கிடக்கின்றன. அவனுடையது என்னுடையதைப் போல மூன்று மடங்கு பருமன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்தப் பதில்கள். ஒரு பாத்துக்கு 2.75 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். அன்றைய விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

நானும் என் மனைவியும் அக்னி சாட்சியாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். அப்படியென்றால் எங்களுக்குத் திருமண விசாதானே?

இல்லை. பத்துப் பேரில் ஆறு பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். 'திருமண விசா' என்பது தாய்லாந்துக் குடிமகனையோ குடிமகளையோ சட்டப்படி மணந்தவருக்கு. கணவன் மனைவி இரண்டு பேருமே தண்டையார்பேட்டை என்றால், ஒருவர் ஓய்வு வழியில் போக வேண்டும். மற்றவர் அவரைச் சார்ந்தவராக அதே கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம். சார்ந்து வருபவருக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டிய அவசியமில்லை, தனியாக வைப்புத்தொகையும் காட்ட வேண்டாம். ஆனால் திருமணச் சான்றிதழ் வேண்டும். என் வீட்டுக்காரி அப்படித்தான் வந்தாள். அந்தச் சான்றிதழ் எங்களைப் படுத்திய பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

விசா என்கிறார்கள், எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்று, கவுண்டரில் வேறு வேறு. முதலில் வாங்குவது 'நான்-இமிகிரன்ட் ஓ' என்ற விசா. அதில் நுழைந்தால் 90 நாள் கிடைக்கும். அந்த 90 நாள் முடிவதற்குள் குடிவரவு அலுவலகத்தில் டி.எம். 7 என்ற படிவத்தைக் கொடுத்து ஒரு வருஷ நீட்டிப்பு வாங்க வேண்டும். கட்டணம் 1,900 பாத். அதற்கப்புறம் வருஷா வருஷம் அதையே புதுப்பித்துக்கொண்டு போவதுதான் வாழ்க்கை. 'ஓய்வு', 'திருமணம்' என்பதெல்லாம் அந்த நீட்டிப்புக்கு நீங்கள் சொல்லும் காரணம். ஆகவே ஒரு காரணத்திலிருந்து இன்னொன்றுக்குப் பின்னால் மாறவும் முடியும்.

விசாவுக்கு இப்போது எல்லாம் ஆன்லைன்தான். 2025 ஜனவரியிலிருந்து இ-விசா முறை. சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன் டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். அது 2025 மே மாதத்திலிருந்து வந்தது.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும்?

ஓய்வு வழிக்கு வயது 50 நிறைந்திருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8,00,000 பாத், அதாவது சுமார் 22 லட்சம் ரூபாய். அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், கிட்டத்தட்ட 1,79,000 ரூபாய். அல்லது இரண்டையும் சேர்த்து வருஷத்துக்கு 8,00,000 பாத் வருகிற மாதிரிக் காட்டலாம்.

திருமண வழிக்கு எல்லாம் பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேல். வங்கியில் 4,00,000 பாத், சுமார் 11 லட்சம் ரூபாய். அல்லது மாதம் 40,000 பாத், சுமார் 1,10,000 ரூபாய். வயது வரம்பு கிடையாது.

நம் பக்கத்து பென்ஷன்காரர்களில் மாதம் 1,79,000 வாங்குபவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வருமான வழியை மறந்துவிடுங்கள். பி.எஃப்., கிராச்சுவிட்டி, நிலம் விற்ற காசு, இப்படி ஏதோ ஒன்றை மொத்தமாகக் கொண்டுபோய் வங்கியில் உட்கார வைப்பதுதான் நடக்கிற காரியம்.

22 லட்சத்தை இங்கிருந்து எப்படி அனுப்புவது?

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வரம்பு பிரச்சினை இல்லை. கடிப்பது டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு டி.சி.எஸ். கிடையாது, இது போன்ற காரியத்துக்கு அதற்கு மேல் அனுப்பும் தொகையில் 20 சதவீதம் வங்கியே பிடித்துக்கொள்ளும். 22 லட்சத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் 12 லட்சத்துக்கு 2,40,000 ரூபாய் போய்விடும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது வரியில் கழியும், மிச்சம் திரும்பி வரும். ஆனால் வரும்வரை அது உங்கள் காசு இல்லை.

அதனால் நான் சொல்வது: மார்ச் மாதத்தில் பத்து லட்சம், ஏப்ரல் பிறந்ததும் பத்து லட்சம். மீதிக்கு மட்டும் டி.சி.எஸ். கட்டினால் போதும். திருமண வழிக்காரருக்கு 11 லட்சம்தானே, மார்ச்-ஏப்ரலில் பிரித்தால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அங்கே போய் வங்கிக் கணக்குத் தொடங்கினால்தான் அனுப்பவே முடியும். சுற்றுலாவாக வந்தவருக்குப் பல கிளைகளில் கணக்குத் தர மாட்டார்கள். 'நான்-ஓ' விசாவோடு போனால் வேலை சுலபம்.

போட்ட பணத்தைத் தொடலாமா?

இந்த இடத்தில்தான் இரண்டு வழிக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ஓய்வு வழியில், விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு மாதம் முழு 8,00,000 பாத்தும் கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதற்கப்புறம் எடுக்கலாம், ஆனால் 4,00,000 பாத்துக்குக் கீழே ஒரு நாளும் இறங்கக் கூடாது. அடுத்த புதுப்பித்தலுக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி எட்டு லட்சமாக நிரப்ப வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 11 லட்சம் ரூபாய் நிரந்தரமாகப் பூட்டு, இன்னொரு 11 லட்சம் வருஷத்தில் ஏழு மாதம்போலத்தான் உங்கள் கைக்கு வரும்.

திருமண வழியில் விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் 4,00,000 பாத். நீட்டிப்பு கிடைத்த பிறகு இத்தனை மாதம் வைத்திரு என்கிற கட்டு அங்கே இல்லை. ஆனாலும் கடைசி முத்திரை விழும்வரை தொடாதீர்கள்.

பாஸ்புக் விஷயத்தில் ஒரு சின்னச் சடங்கு இருக்கிறது. குடிவரவு அலுவலகம் போகிற அன்று காலையில் வங்கி திறந்ததும் போய் 100 பாத் போடுவேன். அப்போதுதான் அன்றைய தேதியில் ஒரு வரி அச்சாகும். அதோடு வங்கி மேலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம், அதுவும் அதே நாள். முதல் வருஷம் முந்தின நாள் மாலையே எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன் என்று பெருமையாகப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா பாஸ்புக்கின் கடைசி வரியில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, வாசல் பக்கம் கையைக் காட்டினார். கீழ்த்தளத்து வங்கிக்கு ஓடி, 100 பாத் போட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வருவதற்குள் டோக்கன் போய்விட்டது. அந்த வரியில் வருஷம் '68' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அங்கே புத்த ஆண்டுக் கணக்கு, 2025 என்பது 2568.

அப்படியானால் திருமண வழிதானே லாபம்? தாய் மனைவி இருக்கும்போது எதற்கு ஓய்வு வழி?

பணத்தில் லாபம், சரி. இப்போது மச்சினன் ஃபைலைத் திறந்து காட்டுகிறேன்.

திருமணச் சான்றிதழ் 'கோர் ரோர் 3'. அது ஒரு தடவை வாங்கினால் போதும், பூ வேலைப்பாடெல்லாம் போட்டு அழகாக இருக்கும். ஆனால் 'கோர் ரோர் 2' என்கிற பதிவேட்டு நகலை வருஷா வருஷம் மாவட்ட அலுவலகத்தில் புதிதாக எடுக்க வேண்டும். இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள், விவாகரத்துப் பதிவாகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மனைவியின் அடையாள அட்டை, அவர் பெயருள்ள நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், அப்புறம் படங்கள். வீட்டு வாசலில் எண் தெரிகிற மாதிரி இருவரும் நிற்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஒரு வருஷம் வாசல் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் தாய்லாந்து மாமியார் காயப்போட்ட துண்டு வீட்டு எண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. படுக்கையறைப் படத்தில் கட்டிலுக்கு மேலே வடபழனி முருகன் காலண்டர்; அதைக் கண்டு அதிகாரி என்ன நினைத்தாரோ, ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் கொடுத்தாலும் அன்றைக்கே ஒரு வருஷம் கிடைக்காது. 'பரிசீலனையில்' என்று 30 நாள் முத்திரை போடுவார்கள். அந்த இடைவெளியில் வீட்டுக்கு ஆள் வரலாம். மச்சினனுக்கு முதல் வருஷம் இரண்டு பேர் வந்தார்கள். லுங்கியோடு கதவைத் திறந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, இவன் இங்கேதான் இருக்கிறானா என்று கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு குறித்த தேதியில் மறுபடி போய் முத்திரை வாங்க வேண்டும்.

என் ஃபைலில் இருப்பது பாஸ்புக், வங்கிக் கடிதம், இருப்பிட ஆதாரம், படிவம், ஒரு போட்டோ. வரிசையில் நின்றால் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

என் அபிப்பிராயம் இதுதான்: தாய் மனைவி இருந்தாலும், 50 வயது தாண்டி, வேலைக்குப் போகும் எண்ணமும் இல்லாமல், 22 லட்சத்தை முடக்க முடிந்தால் ஓய்வு வழியிலேயே போங்கள். திருமண வழியில் உங்கள் தங்குரிமை இன்னொருவருடைய கையெழுத்தில் தொங்குகிறது. புதுப்பிக்கும் வாரத்தில் வீட்டில் சண்டை வந்தால் என்ன ஆகும்? மச்சினன் அந்த மாதம் முழுக்க வாயே திறக்க மாட்டான்.

தாய்லாந்து ஆணை மணந்த நம் ஊர்ப் பெண்ணுக்கும் அதே 4,00,000 பாத் கணக்கா?

இல்லை. அந்தப் பண நிபந்தனை தாய்ப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவருக்கு. வெளிநாட்டு மனைவிக்கு அது பொருந்தாது. மற்ற காகிதங்கள், படங்கள் எல்லாம் உண்டு.

எனக்கு 46 வயது. வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டேன். அதுவும் ஓய்வுதானே?

உங்கள் கம்பெனிக்கு அது ஓய்வு. தாய்லாந்துக்கு 50 வயது ஆனால்தான் ஓய்வு. வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தாலும் 50 ஆகிவிட்டால் அவர்களுக்குச் சம்மதம். எங்கே ரிட்டையர் ஆனீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சொந்தக்காரன் கடையில் கல்லாவில் உட்காரலாமா? சம்பளம் வாங்க மாட்டேன்.

ஓய்வு வழியில் கூடவே கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். திருமண வழியில் இருப்பவர் வேலை அனுமதி வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம்; அதுதான் அந்த வழியின் பெரிய பலம். ஆனால் வேலை அனுமதி தானாக வராது, வேலை கொடுக்கும் நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும்.

அதிலும் எல்லா வேலையும் முடியாது. கடையில் நின்று விற்பது, தெருவில் கூவி விற்பது, முடி வெட்டுவது, சுற்றுலா வழிகாட்டி, தாய் மசாஜ் எல்லாம் அந்த நாட்டுக்காரர்களுக்கு என்றே ஒதுக்கிய தொழில்கள். பர்மா பஜார் பக்கத்து நண்பர் ஒருவர், பாங்காக்கில் தள்ளுவண்டி போட்டு நம்ம ஊர் அத்தோ நூடுல்ஸ் விற்கலாம் என்று கண் மின்னச் சொன்னார். வண்டி மனைவியுடையதாக இருக்கலாம், விற்பவரும் மனைவியாகவே இருக்க வேண்டும். நீங்கள் கரண்டியைத் தொட்டால் வம்பு.

கல்யாணத்தை எங்கே பதிவு செய்வது? சென்னையிலா, அங்கேயா?

அங்கே என்றால் 'அம்ப்பூர்' எனப்படும் மாவட்ட அலுவலகத்தில். நீங்கள் மணமாகாதவர் அல்லது திருமணம் செய்யத் தடையில்லாதவர் என்பதற்கு இந்தியத் தூதரகத்தின் காகிதம் வேண்டும். அதைத் தாய் மொழியில் பெயர்த்து, அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்கி, அதற்கப்புறம் பதிவு. பாங்காக்கில் பாங் ராக் அலுவலகத்துக்குத் தனி மவுசு. 'ராக்' என்றால் அவர்கள் மொழியில் காதல். பிப்ரவரி 14 அன்று அங்கே நிற்கிற கூட்டம், கிருத்திகைக்கு வடபழனியில் நிற்கிற கூட்டம் மாதிரி. நம் ஆட்களுக்கு இன்னொரு வசதி, சீலோம் மாரியம்மன் கோயிலும் அதே பாங் ராக் பகுதியில்தான். மச்சினன் காலையில் பதிவு, மத்தியானத்துக்குள் கோயிலில் மாலை என்று ஒரே நாளில் முடித்தான்.

சென்னையில் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு அந்தச் சான்றிதழை அங்கே கொண்டுபோய் 'கோர் ரோர் 22' என்ற குடும்ப நிலைப் பதிவாக ஏற்ற வேண்டும். பெண்ணின் வீட்டார் அங்கே இருக்கும்போது இந்தச் சுற்று வழி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனிஷியல் பிரச்சினை வருமா?

வரும். எல்லாவற்றையும்விட அதிகம் வரும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துப் போட்டிருப்பார்கள், ஆதாரில் இனிஷியல் முன்னால், பென்ஷன் புத்தகத்தில் பின்னால். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரி பாஸ்போர்ட்டில் என் பெயர் ஏறியிருந்தது, எங்கள் திருமணச் சான்றிதழில் அவள் அப்பா பெயரின் முதல் எழுத்து. தாய்க்காரர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். கவுண்டரில் இருந்த பையன் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது உங்கள் மனைவியா, மனைவியின் தங்கையா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டான். வீட்டுக்காரி அன்றைக்கு இரவு வரை என்னோடு பேசவில்லை, ஏதோ நான் கேட்ட மாதிரி.

ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும் முன் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரும் சரியாக இருக்கட்டும்.

திருமணச் சான்றிதழே இல்லாதவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆன நம் வயதுக்காரர்கள் பலரிடம் இருப்பது பத்திரிகையும் கல்யாண ஆல்பமும்தான். இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறகு அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், கடைசியில் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை. இதற்கு மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். 60 வயதில் மனைவியோடு சார்பதிவாளர் முன்னால் நின்றபோது, வெட்கமாக இருக்கிறது என்று அவள் சொன்னாலும், புதுப் புடவை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

ஊரில் மனைவி இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. அங்கே ஒரு திருமணம் செய்துகொள்ளலாமா?

முதலில் விவாகரத்து. அது இல்லாமல் செய்தால் அந்தத் திருமணமும் செல்லாது, இங்கே பாரதிய நியாய சன்ஹிதா 82ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை சிறையும் உண்டு. இந்தக் கேள்வியை ஆண்டுக்கு இரண்டு பேராவது குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

ஒரே பாலினத் திருமணத்துக்கு இந்த நீட்டிப்பு உண்டா?

2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். தாய்லாந்துக் குடிமகனை முறையாகப் பதிவு செய்து மணந்தவர் துணைவர்தான். இந்தியச் சட்டம் அதை ஏற்கவில்லை என்பதால் இந்தியக் காகிதங்களில் அது ஏறாது.

மனைவி இறந்துவிட்டால்? விவாகரத்து ஆகிவிட்டால்?

திருமணம் என்ற காரணம் போனால் நீட்டிப்பும் போயிற்று. விவாகரத்து பதிவானால் உடனே வேறு காரணத்துக்கு மாற வேண்டும். மனைவி இறந்தால் அடுத்த புதுப்பித்தல் திருமணத்தின் பேரில் நடக்காது. 50 வயது தாண்டியவர் ஓய்வுக்கு மாறலாம். அதற்கு 8,00,000 பாத் வேண்டும். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு 4,00,000 பாத்தை எங்கே போய்ப் புரட்டுவது? அதனால்தான் திருமண வழியில் இருப்பவர்களிடம், சேர்க்க முடிந்தால் மெல்ல மெல்ல எட்டு லட்சம் வரை சேர்த்து வையுங்கள் என்று நச்சரிக்கிறேன்.

20 வயதுக்குட்பட்ட, மணமாகாத தாய்லாந்துக் குடியுரிமையுள்ள பிள்ளை இருந்தால், பிள்ளையின் பெற்றோர் என்ற காரணமும் இருக்கிறது. அதற்கும் 4,00,000 பாத் கணக்குதான்.

'ஓ-ஏ' என்று ஒன்று சொல்கிறார்களே?

அதுவும் ஓய்வு விசாதான். இந்தியாவிலிருந்தே வாங்குவது, நுழையும்போதே ஒரு வருஷம். பணத்தை இந்திய வங்கியிலேயே காட்டலாம். இனிக்கிறதல்லவா? ஆனால் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். அதோடு 30,00,000 பாத் வரை காப்பளிக்கும் மருத்துவக் காப்பீடு. நீட்டிக்கும்போதும் காப்பீடு தொடரும். அறுபத்தைந்து வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்தப் பிரீமியம் தாங்காது. சாதாரண 'ஓ' வழியில் வந்தால் நீட்டிப்புக்குக் காப்பீடு கேட்பதில்லை. விசாவுக்குத் தேவையில்லை என்பதற்காகக் காப்பீடே எடுக்காமல் இருக்காதீர்கள், அது வேறு விஷயம்.

அந்த மருத்துவச் சான்றில் தொழுநோய், காசநோய், யானைக்கால் எல்லாம் இல்லை என்று டாக்டர் எழுத வேண்டும். யானைக்கால் என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போன காலம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நடுவில் ஊருக்கு வந்து போகலாமா?

வரலாம், ஆனால் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி நுழையும் அனுமதி, வாங்காமல் வெளியேறினால் நீட்டிப்பு அங்கேயே செத்துவிடும். ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800 பாத். மச்சினன் தாயார், அதாவது என் மாமியார், ராயபுரத்தில் இறந்தபோது செய்தி வந்த இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்துக்கு ஓடினான். பெர்மிட் நினைவே இல்லை. சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே, புறப்படும் பகுதியில் அதற்குக் கவுண்டர் உண்டு. ஐந்து நிமிட வேலை. காரியம் முடிந்து திரும்பியபோது மறுபடி அ-னாவிலிருந்து தொடங்கினான். அந்தத் தாய்லாந்து மாமியாரின் துண்டு இல்லாத புதுப் படங்கள் உட்பட.

ஊருக்கு வராமல் அங்கேயே இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை டி.எம். 47 என்ற முகவரி அறிவிப்பு. மறந்தால் 2,000 பாத் அபராதம். வீட்டு உரிமையாளர் நீங்கள் குடிவந்ததை 24 மணி நேரத்துக்குள் டி.எம். 30இல் தெரிவிக்க வேண்டும். வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். அனுமதிக்கு மேல் தங்கினால் நாளுக்கு 500 பாத், உச்சம் 20,000.

பென்ஷன் நின்றுவிடுமா?

நிற்காது. வருஷத்துக்கு ஒருமுறை வாழ்வுச் சான்று கொடுத்தால் போதும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியோ, இந்தியத் தூதரகம் வழியாகவோ கொடுக்கலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் கைம்பெண் மறுமணம் செய்தால் பொதுவாக அது நின்றுவிடும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகக் குடிபோனவர் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

வரி என்றால், ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் தங்கினால் நீங்கள் அங்கே வரிக் கணக்கில் வசிப்பவர். 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அவர்கள் கேட்கலாம். 2023 வரையான சேமிப்புக்கு அது இல்லை. ஆகவே பழைய வைப்புத்தொகைச் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் இருக்கிறது. இதை ஆடிட்டரிடம் ஒரு தடவை காசு கொடுத்துக் கேளுங்கள், என்னிடம் டீக்குக் கேட்காதீர்கள்.

வீடு வாங்கலாமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கலாம்; கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். மண் கிடையாது. தாய் மனைவி பெயரில் நிலம் வாங்கினால், அது அவருடைய சொந்தப் பணம் என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். திருப்பி வராது என்று நினைத்துக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

ஒரு நாள் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்குமா?

ஓய்வு வழியில் அந்தப் பாதையே இல்லை. திருமண வழியில், வேலை அனுமதியோடு சம்பாதித்து வரி கட்டினால் கதவு இருக்கிறது. நிரந்தரத் தங்குரிமைக்கு ஆண்டுக்கு ஒரு நாட்டுக்காரருக்கு 100 இடம்தான், இந்தியர்கள் நெருக்கியடிக்கிறார்கள். தாய்க் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அப்புறம் வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையோடு சொந்தத் தெருவுக்கு வர வேண்டியதுதான்.

வங்கியில் பணமே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறாரே?

அவர் பணத்தை உங்கள் கணக்கில் சில நாள் காட்டி எடுப்பார். ஓய்வு வழியில் பின்னால் மூன்று மாதம் இருக்க வேண்டிய பணம் இருக்காது. அடுத்த வருஷம் பாஸ்புக்கைப் புரட்டும்போது மாட்டுவது நீங்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் இப்படிப் பணம் கட்டி, பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் அதைத் திரும்ப வாங்கவே அலைந்தார்.

கடைசியாக, இங்கிருந்து மறக்காமல் எடுத்துப் போக வேண்டியது?

போட்டோ. அங்கே கேட்பது 4 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம், நம்ம ஊர் பாஸ்போர்ட் சைஸ் செல்லாது. வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோக்காரரிடம் அளவை எழுதிக் கொடுத்து இரண்டு டஜன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே எடுத்தால் முகத்தை வெள்ளையாக்கிவிடுகிறார்கள். போன வருஷம் என் படத்தைப் பார்த்து வீட்டுக்காரி யார் இந்த ஆள் என்று கேட்டாள்.